வேகவைக்காத இலைகள்

ஏப்ரல் 9, புதன்

பதினாறு வருடம் பொள்ளாச்சியில் ஆஸ்பத்திரி லேபில் உட்கார்ந்து மனிதர்களின் மலத்தைப் பார்த்தேன். இன்றிலிருந்து தவளையின் மலம். தங்கை வடிவு போனில், இது பதவி உயர்வா இறக்கமா அக்கா என்று கேட்டாள். நாற்றம் குறைவு, அந்த வகையில் உயர்வுதான் என்றேன்.

இடம் வால்பாறைக்கு மேலே ஒரு பழைய எஸ்டேட் பங்களா. பின் அறையில் லேப். நடு ஹாலில் எண் போட்ட பன்னிரண்டு கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு தவளை. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும், முதுகு வறுத்த காப்பிக்கொட்டை நிறம். பக்கத்து ஓடையில் தவளைகள் பூஞ்சை நோயில் செத்து மிதந்தபோது, உயிர் ஒட்டிக்கொண்டிருந்த பன்னிரண்டைப் பிடித்து வந்திருக்கிறார்கள். தோல் உரிந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஐ.சி.யூ. வார்டு மாதிரி கிடக்கின்றன.

இதை நடத்துகிறவர் டாக்டர் நஸ்ரீன். ஊசி போடும் டாக்டர் அல்ல, ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். நிபந்தனையை முதல் நாளே சொல்லிவிட்டார். வனத்துறை அனுமதி ஜூன் பத்தாம் தேதியோடு முடிகிறது. அதற்குள் நோய் நீங்கி, நாலு கிராம் எடையும் இருக்கிற தவளை ஓடைக்குத் திரும்பலாம். மற்றவற்றைக் கொன்று ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுவிடுவார்கள்.

இன்னொருவர் சவரிமுத்து. ஓடைக்குப் போவது, தவளை பிடிப்பது, அவற்றுக்குத் தின்னப் பூச்சி வளர்ப்பது, டீ போடுவது எல்லாம் அவர்தான். வயது நாற்பத்தைந்து இருக்கும். எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தவராம். நகத்துக்குள் அரை ஏக்கர் மண். அந்தக் கையால் எனக்கு டீ நீட்டினார். நான் கொண்டுவந்த ஃபிளாஸ்க்கைக் காட்டினேன். சிரித்தார். பல் மட்டும் சுத்தம்.

ஏப்ரல் 12, சனி

மூன்று நாளில் இந்த ஹாலை அடியோடு மாற்றிவிட்டேன். பெட்டிகளில் விரிக்கிற சருகு ஓடைக்கரையிலிருந்து அப்படியே வருகிறது, மண்ணும் புழுவுமாக. பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. இனிமேல் இலையை அரை மணி நேரம் கொதிக்க வைத்துத்தான் போட வேண்டும். வடிகட்டிய தண்ணீர். பெட்டிக்குப் பெட்டி புதுக் கையுறை. வாரம் இரண்டு முறை பிளீச்சிங். எழுதிக் கொடுத்தேன். டாக்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு, இத்தனை நாள் உங்களைப் போல ஓர் ஆள் இல்லாமல்தான் கஷ்டப்பட்டோம் என்றார்.

சவரிமுத்து அண்டாவில் கொதிக்கிற இலைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உப்புப் போடணுமா மேடம் என்று கேட்டார். அரை மணி ஆனதும் இறக்குங்கள் என்றேன். இப்படிப்பட்டவர்களுக்கு இடம் கொடுத்தால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

பன்னிரண்டுக்கும் பூஞ்சை இல்லை! பத்து நாள் மருந்துக் குளியல் முடிந்து, தோலில் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து, நானே இரண்டு முறை டெஸ்ட் பண்ணினேன். பன்னிரண்டும் சுத்தம். டாக்டர் என்னைக் கட்டிக்கொண்டார். சவரிமுத்து கேசரி கிளறினார். சூடாக இருந்தபடியால் ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டேன். முந்திரி தாராளமாகப் போட்டிருந்தார்.

ஏப்ரல் 30, புதன்

நோய் போய்விட்டது, தவளைகள் தேறவில்லை. பூச்சியை முன்னால் விட்டாலும் வேண்டாவெறுப்பாகப் பார்க்கின்றன. தின்ற ஒன்றிரண்டும் பாதி செரிக்காமல் அப்படியே வெளியே வருகிறது. எடை மூன்றரைக்குக் கீழே.

இன்று பெங்களூர் ரிப்போர்ட் வந்தது. எச்சத்தில் எத்தனை வகை பாக்டீரியா இருக்கிறது என்று அங்கேதான் பார்க்கிறார்கள். நோயில்லாத ஓடைத் தவளையின் குடலில் நூறு வகைக்கு மேல் இருக்குமாம். எங்களுடையவற்றில் முப்பதைத் தாண்டவில்லை.

டாக்டர் உட்கார வைத்து விளக்கினார். பூஞ்சை பிடித்தது தோலைத்தான். தோல் கெட்டதும் தவளை சாப்பாட்டை நிறுத்தியது. சாப்பாடு நின்றதும் குடலில் குடியிருந்த நல்ல கிருமிகள் பட்டினி கிடந்து, வகை வகையாகக் காலி செய்துகொண்டு போய்விட்டன. இப்போது பூச்சியைத் தின்றாலும் செரித்துக் கொடுக்க உள்ளே ஆள் இல்லை. நோய் போன பிறகாவது அவை திரும்பி வந்திருக்க வேண்டும், ஏன் வரவில்லை என்றுதான் புரியவில்லை என்றார்.

எனக்கும் புரியவில்லை. பிளீச்சிங்கைத் தினம் ஒரு முறையாக்கிவிட்டேன்.

மே 2, வெள்ளி

மூன்றாம் எண் செத்துப்போயிற்று. பெட்டியைக் கழுவினேன். இரண்டு முறை கழுவினேன்.

மே 5, திங்கள்

ஐந்தாம் எண் 3.8 கிராம்! தராசில் கோளாறோ என்று மூன்று முறை நிறுத்தேன். கண் பளபளவென்று இருக்கிறது, கையில் எடுத்தால் திமிறுகிறது. மற்ற பத்தும் சோர்ந்துதான் கிடக்கின்றன. ஆனாலும் ஒன்று தேறினால் மற்றவையும் தேறும். கண்ணும் கருத்துமாகக் கழுவினால் பலன் கிடைக்காமல் போகுமா? டாக்டரிடம் சொன்னேன். சவரிமுத்துவிடமும் சொன்னேன். அவர், நல்லது மேடம் என்று சொல்லிவிட்டுப் பூச்சிக் கூண்டுக்குப் போய்விட்டார். பொறாமை போலிருக்கிறது.

மே 8, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

ஐந்தாம் பெட்டியில் மேலே நான் வேகவைத்த இலை. கீழே பச்சைச் சருகு, பாசி, ஈர மண், ஒரு மண்புழு. மண்புழு! எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. டீ கொண்டுவந்த மனுஷனை வாசலிலேயே நிறுத்தினேன்.

"ஏனுங்க, இது என்னங்க? லேபா, சேத்துக்காடா?"

மறைக்கவில்லை. ஒத்துக்கொண்டார்.

"வெந்த எலையில ஒரு வாசமும் இல்ல மேடம். இவன் என் கையால புடிச்சவன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருந்தான். பாவமா இருந்துச்சு."

எத்தனை நாளாக என்று கேட்டேன். ஏப்ரல் இருபத்தைந்திலிருந்தாம். தினம் ஒரு கைப்பிடி. அருவிக்கு மேலே, நோய் எட்டாத ஓடையிலிருந்து எடுத்து வருகிறாராம், ஒன்றும் ஆகாதாம். ஒன்றும் ஆகாது என்று இவருக்கு யார் சர்டிபிகேட் கொடுத்தது? அந்த மண்ணில் பூஞ்சை இருந்தால் பதினொன்றும் போச்சு. நான் நேரே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். சொன்னது சரி. இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன்.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. உடனே ஐந்தாம் எண்ணை டெஸ்ட் பண்ணச் சொன்னார். பூஞ்சை இல்லை. ஆனாலும் விதி விதிதான், நான் சொல்லும்வரை இந்தப் பக்கம் வர வேண்டாம் சவரி என்றார். சவரிமுத்து தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். போகும்போது ஒரு தாளை என் மேசையில் வைத்தார். தவளைக்குத் தவளை தீனிக் குறிப்பு. "எட்டாம் எண் கூச்சப்படும். நாம் திரும்பி நின்றால்தான் தின்னும்" என்று ஒரு வரி. கையெழுத்து மணி மணியாக இருக்கிறது.

மே 9, வெள்ளி

டீ நானே போட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஃபிளாஸ்க் கொண்டுவருவதை நிறுத்திவிட்டேன் என்று இதில் எழுதினேனா, ஞாபகமில்லை. கொதித்த டீதானே, கிருமி இருக்காது.

எட்டாம் எண்ணுக்குத் திரும்பி நின்று பார்த்தேன். ஒரு பூச்சி தின்றது. ஒன்றே ஒன்று.

மே 12, திங்கள்

வடிவு போன் பண்ணினாள். இங்கே ஆள் இல்லாமல் வேலை எப்படி இடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தினாள்.

"அக்கா, சவரிமுத்து பேரை இதோட பதினோரு தடவ சொல்லிப்போட்டே. விரல் விட்டு எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."

பூச்சிக்குத் தீனி எங்கே இருக்கிறது என்று கேட்க ஆளில்லை, அதற்காகச் சொன்னேன் என்றேன். பன்னிரண்டு என்றாள். போனை வைத்துவிட்டேன். கல்யாணம் ஆனவர்களுக்கு வேறு வேலை கிடையாது. அவருக்கு மனைவி இறந்து ஆறு வருடமாம், டாக்டர் சொன்னார். நான் கேட்கவில்லை, பேச்சுவாக்கில் வந்தது.

மே 16, வெள்ளி

ஆறாம் தேதி அனுப்பிய எச்சங்களுக்கு ரிப்போர்ட் வந்தது. காலை ஒன்பது மணிக்கு நான்தான் முதலில் பார்த்தேன். பத்துத் தவளைகளுக்கு இருபது வகை, இருபத்திரண்டு வகை. போன தடவையைவிடக் குறைந்திருக்கிறது. ஐந்தாம் எண்ணுக்குத் தொண்ணூற்றொன்று.

நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். போன கிருமிகள் ஏன் திரும்பி வரவில்லை என்று இரண்டு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். எங்கிருந்து வரும்? மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஓடைத் தண்ணீரிலிருந்தும்தானே வர வேண்டும். அவை வருகிற வழியையெல்லாம் நான் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் எண்ணின் பெட்டியை இரண்டு முறை கழுவினேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன்.

ரிப்போர்ட்டை ரெஜிஸ்டருக்கு அடியில் வைத்தேன். பன்னிரண்டரை மணி வரைக்கும் அது அங்கேதான் இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை. பிறகு எட்டாம் எண் என்னைப் பார்த்தது. எழுந்து போய் டாக்டரிடம் நீட்டினேன்.

நன்றாகத் திட்டுவார், திட்டினால் எனக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். அவரோ இரண்டு முறை படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நீங்க எழுதுனீங்க, நான் கையெழுத்துப் போட்டேன் தெய்வானை. ரெண்டு பேரும் படிச்சவங்க, அதான் தெரியல. போய் அவரைக் கூட்டிட்டு வாங்க."

மே 17, சனி

சவரிமுத்துவின் வீடு எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில் கடைசி. வாசலில் மூன்று கல் கூட்டி, பலாக்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, சாம்பலைத் தட்டி ஒரு கொட்டையை உரித்து நீட்டினார். பதினாறு வருடப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. "கை கழுவுனீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கொட்டையைக் கல்லின் மேல் வைத்துவிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ரிப்போர்ட்டைச் சொன்னேன். தொண்ணூற்றொன்று என்றேன். மூன்றாம் எண் என்னால்தான் செத்தது, இனி பத்து இருக்கிறது, இருபத்துநாலு நாள் இருக்கிறது என்றேன். வரும் வழியெல்லாம் அழகாகப் பேசிப் பார்த்ததில் ஒரு வாக்கியமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"தப்பு என்னுதுங்க. நீங்க வரோணும்."

அவர் சாம்பலை நெருப்பின் மேல் தள்ளினார்.

"எட்டு தின்னுச்சா மேடம்?"

"திரும்பி நின்னேனுங்க. ஒண்ணு தின்னுச்சு."

உள்ளே போய்த் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

மே 19, திங்கள்

இலை மட்டும் போட்டால் தாமதமாகும். ஐந்தாம் எண் தேறப் பத்து நாள் ஆயிற்று, மற்றவை அதைவிட மெலிந்து கிடக்கின்றன. நோயில்லாத தவளையின் எச்சத்தையே நேராகக் கொடுத்துவிடலாம் என்பது டாக்டரின் யோசனை. அருவிக்கு மேலே ஆறு தவளைகள் பிடிக்கப் போனோம். நான் போக வேண்டிய அவசியமில்லை. பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுக்கச் சரியான ஆள் வேண்டுமே என்று போனேன்.

இரண்டு காலிலும் சேர்த்துப் பதினேழு அட்டை. அலறினேன். அவர் என் பாதத்தருகே உட்கார்ந்து, மூக்குப்பொடி போட்டு ஒவ்வொன்றாக உதிர்த்தார். பூவைக் கிள்ளுகிற மாதிரி அத்தனை பதம். பாறை வழுக்கும், கையைக் கொடுங்க என்றார். கொடுத்தேன். திரும்பி வரும்போது பாறையே இல்லாத இடத்திலும் கொடுத்திருந்தேன் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

மே 21, புதன்

ஆறு தவளைக்கும் பூஞ்சை இல்லை, வேறு நோயும் தெரியவில்லை. ஆறும் மணியாக எச்சமிட்டன. ஓடைக்கே திருப்பி அனுப்பியாயிற்று.

ஐந்து தவளைக்கு மட்டும் கொடுத்து ஐந்துக்குக் கொடுக்காமல் விட்டால் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதலாம். டாக்டர் ஜன்னல் ஓரம் நின்று யோசித்தார். கட்டுரை அப்புறம், தவளை முதலில் என்றார். அந்த அம்மாவுக்குக் கோயில் கட்டலாம்.

ஆக, நான், தெய்வானை, கதவுக் கைப்பிடியைக்கூடத் துடைத்துவிட்டுத் தொடுகிறவள், இன்று காலை தவளை எச்சத்தை ஓடைத் தண்ணீரில் கரைத்து, சொட்டு மருந்து மாதிரி பத்துத் தவளையின் வாயில் விட்டேன். பெட்டிகளில் பச்சைச் சருகும் பாசியும் நானே விரித்தேன். சவரிமுத்து கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்புப் போடணுமா மேடம்?"

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைக்கக் கையுறையைக் கழற்ற வேண்டியதாயிற்று.

மே 24, சனி

ஒன்றும் தெரியவில்லை.

மே 25, ஞாயிறு

லீவு நாள். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அவரும் சும்மா வந்திருந்தார். ஒன்றும் தெரியவில்லை.

மே 27, செவ்வாய்

எட்டாம் எண் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு பூச்சி தின்றது! திரும்பி நிற்கவில்லை, நேருக்கு நேர். கூச்சமெல்லாம் எங்கே போயிற்றோ. எச்சம் கருப்பாக, கெட்டியாக, மிளகு மாதிரி. வயிற்றில் பாலை வார்த்தது. ஹாலுக்குள் ஓடிப் போய் முதலில் அவரிடம்தான் சொன்னேன். டாக்டரிடம் அப்புறம்.

ஜூன் 2, திங்கள்

ஒன்பது தவளை நாலு கிராமைத் தாண்டிவிட்டது. ஐந்தாம் எண் 4.6, தொப்பை விழுந்த மிராசுதார். பத்தாம் எண் நாலுக்கு வந்துகொண்டிருக்கிறது. பதினொன்றாம் எண்தான் 3.7. அதன் பெட்டி முன்னால் நாங்கள் இருவரும் மாறி மாறி உட்காருகிறோம். எடை பார்க்க வனத்துறை ரேஞ்சர் ஆறாம் தேதி வருகிறார். அன்றைக்குத் தராசு என்ன சொல்கிறதோ அதுதான் முடிவு.

ஜூன் 6, வெள்ளி

ரேஞ்சர் வந்தார். பத்துத் தவளை சரசரவென்று தேறிவிட்டன. கடைசியில் பதினொன்றாம் எண். காலையில் நான் நிறுத்தபோது 4.07. மூச்சைப் பிடித்துக்கொண்டு தராசை நோக்கிக் கொண்டுபோனேன். கைக்குள்ளேயே எச்சமிட்டுவிட்டது பாவி. ரேஞ்சர் முன்னால், கருகருவென்று, தாராளமாக.

இந்தப் பொடித் தவளைக்கு இத்தனை எச்சமா என்று எனக்கு உயிரே போய்விட்டது. தராசில் வைத்தேன். எண்கள் ஆடின, 3.97, 4.03, 3.99. என் பின்னால் சவரிமுத்து மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நின்றது. 4.01.

ரேஞ்சர் கையெழுத்துப் போட்டார். என் உள்ளங்கையைக் காட்டி, கழுவிக்கொண்டு வாருங்கள் அம்மா என்றார். சார், இதில் நூறு வகை நல்ல கிருமி இருக்கிறது என்றேன். டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. பதினொரு டப்பாவையும் தூக்கிக்கொண்டு அருவிக்கு மேலே ஏறினோம். பழைய ஓடையில் இன்னும் நோய் இருக்கலாம், இங்கேதான் பாதுகாப்பு என்று ரேஞ்சரும் ஒத்துக்கொண்டார். டாக்டர் படம் எடுக்க, நான் மூடியைத் திறக்க, சவரிமுத்து ஒவ்வொன்றையும் பாறை மேல் விட்டார். ஐந்தாம் எண் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாவிற்று. அவர் முகத்தைப் பார்த்தேன், கண் கலங்கியிருந்தது. மழை என்று சொன்னார். எட்டாம் எண் போகாமல் உட்கார்ந்தே இருந்தது. நாங்கள் மூவரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றோம். திரும்பிப் பார்த்தபோது பாறை காலி.

டாக்டர் படங்களை அனுப்ப சிக்னல் தேடி இறங்கிவிட்டார். நாங்கள் இருவரும் ஒரு பாறையின் அடியில் ஒதுங்கினோம். மழை கொஞ்சம் தணிந்ததும் எங்கேயோ ஒரு தவளை கூப்பிட்டது. பிறகு இன்னொன்று. எங்களுடையவைதானா என்று கேட்டேன். யாராயிருந்தா என்ன மேடம், நல்லாப் பசி எடுத்துருச்சு, அதான் கத்துறான் என்றார். மேடம் என்று கூப்பிட வேண்டாம், எனக்குப் பெயர் இருக்கிறது என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சுட்ட பலாக்கொட்டை.

ஒன்றை உரித்தார். விரலெல்லாம் பாசி, நகத்துக்குள் அதே அரை ஏக்கர் மண், இப்போதுதான் பதினொரு தவளையைத் தொட்ட கை. நீட்டப் போனவர் சட்டென்று நிறுத்தி, ஓடைப் பக்கம் எழுந்தார்.

"இருங்க தெய்வானை, கையக் கழுவிட்டு வந்துர்றேன்."

கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அப்படியே வாங்கித் தின்றேன். கொஞ்சம் மண் கடித்தது. ருசியாகத்தான் இருந்தது. இரண்டாவதும் கேட்டு வாங்கினேன்.